வலிக்காத பொருக்கு

நவம்பர் 4, செவ்வாய்

ஆய்வகப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்தம் எடுத்த குழாய்கள் வரும் ஐஸ் பெட்டிக்குள் கடிதம் வைப்பது முறையில்லை என்று எனக்குத் தெரியும். வேறு வழி இல்லை. ஆய்வகத்துக்குப் போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். உன் சொந்த எண்ணில் என்னைத் தடுத்தே வைத்திருக்கிறாய். பதின்மூன்று மாதமாக இதே கதை. நாத்தனாருக்கு அண்ணிமேல் கோபம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். காய்ச்சல்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் இருபது கட்டில்தான். அதில் ஏழு பேருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல். மலேரியா இல்லை, டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை. நீ அனுப்பும் காகிதங்களில் 'இல்லை' என்ற சொல்லைத் தவிர வேறு எதையும் நான் பார்த்து மூன்று வாரம் ஆகிறது. ஏழு பேரும் புதரோடு புழங்குகிறவர்கள். ஒருவர் விறகு வெட்டுபவர். ஒரு தையல்காரம்மா, வீட்டுக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்குப் புல். மற்றவர்கள் தோட்ட வேலை, ஆடு மேய்ப்பு.

எனக்கு உண்ணிக் காய்ச்சலோ என்று சந்தேகம். நம் பாஷையில் ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. கண்டுபிடித்துவிட்டால் சாதாரண மாத்திரையில் போய்விடும். கண்டுபிடிக்காவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் படுக்கும். போன வெள்ளிக்கிழமை மூன்று பேருடைய ரத்தம் இதற்காகவே அனுப்பினேன். இன்றுவரை ரிப்போர்ட் இல்லை. விறகு வெட்டுபவருக்கு நேற்றிலிருந்து மூச்சு வாங்குகிறது. எந்த ஊசிக்கும் காய்ச்சல் அசையவில்லை. தயவுசெய்து சீக்கிரம்.

இப்படிக்கு,
மருத்துவ அலுவலர்

பின்குறிப்பு: உன் அண்ணன் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? 'பள்ளிக்கூடம் தூரமாக இருக்கிறது, கொஞ்ச நாள் தங்கச்சி வீட்டிலிருந்து போய்வருகிறேன்' என்று கிளம்பியவர். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. ஓவிய வாத்தியாருக்குக் கணக்கு வராது.

*

நவம்பர் 5, புதன்

மருத்துவ அலுவலர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மேல் உறை ஈரமாகி மை கரைந்திருந்தது. இனி எழுதினால் பிளாஸ்டிக் உறையில் போடவும்.

உண்ணிக் காய்ச்சல் டெஸ்ட் எங்கள் ஆய்வகத்தில் வியாழக்கிழமை மட்டும்தான். அது தொண்ணூற்றாறு சின்னக் குழிகள் உள்ள ஒரு தட்டு. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும், டெஸ்ட் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கே சில குழிகள் போய்விடும். மூன்று பேருக்காகத் தட்டைப் பிரித்தால் மாதக் கடைசியில் யாருக்கும் தட்டு இருக்காது. அதனால் வாரம் முழுக்கச் சேர்த்து வைத்துப் போடுகிறோம். உங்கள் குழாய்கள் வெள்ளிக்கிழமை வந்தன. வியாழக்கிழமையைத் தவறவிட்டவருக்கு அடுத்த வியாழக்கிழமைதான். நாளை போடுகிறேன். வெள்ளிக்கிழமை கிடைக்கும்.

இன்னொன்று. உங்கள் ஆட்கள் குழாய்களைக் குலுக்கித்தான் பெட்டியில் வைக்கிறார்கள் போலிருக்கிறது. பத்தில் இரண்டு, அணுக்கள் உடைந்து வெறும் சிவப்புத் தண்ணீராக வந்து சேர்கிறது. அதையும் என் தலையில் கட்டாதீர்கள்.

காய்ச்சல்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். என் அம்மா உங்கள் வீட்டில் எட்டு நாள் காய்ச்சலில் கிடந்தபோது இந்த அவசரமெல்லாம் எங்கே போயிருந்தது அண்ணி? மருமகள் டாக்டர். பக்கத்து அறையில் டாக்டர். "வைரல் ஃபீவர்தான், தானா இறங்கிடும்"னு சொன்னது யார்? எட்டாம் நாள் மூச்சுத் திணறிய பிறகுதான் இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள். ஒன்பதாம் நாள் முடிந்துவிட்டது. இப்போது விறகு வெட்டுபவருக்காகக் கையைப் பிசைகிறீர்கள். நல்லா இருக்கு நியாயம்.

அண்ணன் நன்றாகவே சாப்பிடுகிறான். இரண்டு சுற்று பெருத்துவிட்டான்.

ஆய்வகப் பொறுப்பாளர்

*

நவம்பர் 8, சனி

ஆய்வகப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

ரிப்போர்ட் நேற்று வந்தது. நன்றி. மூன்று பேரில் இரண்டு பேருக்கு உண்ணிக் காய்ச்சல் உறுதி. இருவரில் ஒருவர் விறகு வெட்டுபவர். அவர் புதன்கிழமை மதியமே போய்விட்டார். அவருடைய மனைவி வந்து, "காகிதம் வந்துருச்சா டாக்டரம்மா?" என்று கேட்டபோது அது என் கையில்தான் இருந்தது. வந்துவிட்டது என்று சொன்னேன்.

உன்மேல் பழி போட எழுதவில்லை. மாத்திரை என் அறை அலமாரியில், கை எட்டும் தூரத்தில் இருந்தது. ரிப்போர்ட் வரட்டும், வரட்டும் என்று உட்கார்ந்திருந்தது நான்தான். சந்தேகம் வந்த அன்றே கொடுத்திருக்க வேண்டும். வியாதி இல்லாதவருக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வியாதி உள்ளவருக்குக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன்.

இன்னொரு விஷயமும் நடந்தது. எங்கள் வார்டில் ஒரு உதவியாளர் அக்கா. எல்லாரையும் அதட்டுவதால் அவளுக்குக் கமாண்டர் என்று பெயர். என்னையும் சேர்த்துத்தான் அதட்டுவாள். வியாழக்கிழமை காலையில் தையல்காரம்மாவுக்கு உடம்பு துடைத்துக் கொண்டிருந்தவள், திரைக்குப் பின்னாலிருந்தே கத்தினாள்: "டாக்டரம்மா! இங்க வாங்க. இந்தம்மா இடுப்புல யாரோ சிகரெட்டால சுட்டிருக்காங்க!"

தையல்காரம்மாவுக்கு அவமானம் தாங்கவில்லை. "ஐயோ, என்னை யாரு சுடப்போறாங்க? எனக்கே தெரியாது, அது எப்ப வந்துச்சுன்னு" என்று அழாத குறை. போய்ப் பார்த்தேன். இடுப்பில் நாடா இறுக்கும் இடத்தில், வட்டமாக, நடுவில் கன்னங்கரேலென்று ஒரு பொருக்கு. சுற்றிலும் லேசான சிவப்பு. அந்தப் பூச்சி கடித்த இடம் அது. படிக்கிற காலத்தில் படம் போட்டுப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். நேரில் பார்த்தது முதல் தடவை. பார்க்கவேண்டும் என்று தேடியிருந்தால் முன்பே பார்த்திருப்பேன்.

ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. அந்த நிமிஷமே மாத்திரை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் காய்ச்சல் இறங்கிவிட்டது. பன்னிரண்டு நாளாக நெருப்பாய்க் கொதித்தவள் இன்று எழுந்து உட்கார்ந்து, என் கோட்டுத் தையல் சரியில்லை என்கிறாள்.

இப்போது காய்ச்சல் என்று யார் வந்தாலும் திரைக்குப் பின்னால் தலை முதல் கால்வரை பார்ப்பது என்று வைத்திருக்கிறோம். பெண்களைக் கமாண்டரும் நானும். ஆண்களை ஆண் நர்ஸ். முணுமுணுக்கிறார்கள். கமாண்டர் விடுவதாக இல்லை.

மருத்துவ அலுவலர்

*

நவம்பர் 10, திங்கள்

அண்ணிக்கு,

விறகு வெட்டுபவரைப் பற்றிப் படித்தேன். வருத்தமாக இருக்கிறது. உங்கள் மூன்று குழாய்களை நான்தான் கையால் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தேன். எண்கள்கூட ஞாபகம் இருக்கிறது. தட்டை முழுசாகப் பிரிக்காமல் எட்டெட்டுக் குழியாகக் கழற்றிப் போட முடியும். செலவைக் காட்டி வேண்டாம் என்று வைத்திருந்தார்கள். இன்று மேலதிகாரியிடம் போய் நின்றேன். இனி திங்கள், வியாழன் இரண்டு நாளும் போடுவோம். மூன்று பேர் இருந்தாலும் போடுவோம்.

ஒரு சந்தேகம். அந்தப் பொருக்கு என்று எழுதினீர்களே, அது எவ்வளவு பெரிசு இருக்கும்? இடுப்பில் மட்டும்தான் வருமா, வேறு இடத்திலும் வருமா? வலிக்குமா? வெந்நீர் பட்ட புண் மாதிரி இருக்குமா? ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதிவைக்கத்தான் கேட்கிறேன். சீக்கிரம் எழுதவும்.

*

நவம்பர் 11, செவ்வாய்

வாலுவுக்கு,

'அண்ணிக்கு' என்று நீ ஆரம்பித்துவிட்டாய். இனி நான் மட்டும் என்ன 'பொறுப்பாளர் அவர்களுக்கு' என்று விறைப்பாக எழுதுவது? உன் வீட்டுப் பெயரிலேயே கூப்பிடுகிறேன். கோபம் வந்தால் திருப்பி அனுப்பு.

பொருக்கு அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை இருக்கும். சூடு பட்ட மாதிரிதான் தெரியும். துணி இறுக்குகிற இடம், தோல் மடிகிற இடமாகப் பார்த்துக் கடிக்கும். அக்குள், மார்புக்குக் கீழே, தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால். எல்லாருக்கும் வராது. வந்தவர்களுக்கும் அது வலிக்காது, அரிக்காது. அதனால்தான் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாம்தான் போய்ப் பார்க்கவேண்டும்.

இப்போது நான் எழுத நினைத்ததை எழுதுகிறேன். எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இது நான்காவது தாள்.

அத்தையை நான் அப்படிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு தடவை கேட்டேன். போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டு, "காய்ச்சல் நெத்தியில கொதிக்குது, நீ எங்கெங்கயோ பார்க்கணுங்கறே. உன் டாக்டர் வேலையெல்லாம் ஆஸ்பத்திரியோட வச்சுக்கோ. இங்க நீ எனக்கு மருமக" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆடைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். கண்ணை, நாக்கை, காலைப் பார்த்தேன். அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால், அவர் வேண்டாம் என்றபோது எனக்கு ஒரு நிம்மதிகூட. மாமியாரை அப்படிப் பார்க்க எனக்கும் கூச்சமாக இருந்தது. முன்பின் தெரியாத தையல்காரம்மாவின் நாடாவை அவிழ்க்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. வீட்டில் எட்டு நாள் படுத்துக் கிடந்த அத்தையிடம் முடியவில்லை. அத்தை தினமும் காலையில் பின்பக்கம் புல்வெளியில்தான் துணி காயப்போடுவார். அதுவும் எனக்குத் தெரியும்.

அதனால் ஒரு உதவி கேட்கிறேன். எட்டாம் நாள் அத்தையின் ரத்தம் உன் ஆய்வகத்துக்கு வந்தது. மிச்சத்தை இரண்டு வருஷம் உறையவைத்து வைத்திருப்பீர்கள் என்று தெரியும். அந்தக் குழாயை எடுத்து இந்த டெஸ்டைப் போடு. ஒரே ஒரு குழி.

'இல்லை' என்று வந்தால் நான் மூச்சு விடுவேன். 'உண்டு' என்று வந்தால் உன் அண்ணன் இனி இந்த வீட்டு வாசப்படி ஏறமாட்டார். ஏற்கெனவே ஏறவில்லை. என்னை ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை அவர். சாவு முடிந்த பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தினார், பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? எனக்கு அவர் வேண்டும் வாலு. ஆனால் தெரியாமலே வைத்துக்கொண்டு கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.

அண்ணி

*

நவம்பர் 13, வியாழன்

அண்ணிக்கு,

முடியாது.

தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள்? அம்மா எழுந்து வரப்போகிறாரா? பதின்மூன்று மாதம் கழித்து இப்போதுதான் உங்களுக்கு மனசாட்சி விழித்துக்கொண்டது. அதைத் தூங்கவைக்க என் அம்மாவின் ரத்தம் வேண்டும், என் கை வேண்டும். என்ன எகத்தாளம்! டாக்டர் எழுதிக் கொடுத்த படிவத்தில் டிக் அடித்த டெஸ்டைத்தான் நான் போடுவேன். அன்றைக்கு அம்மாவின் படிவத்தில் டெங்கு, டைபாய்டு இரண்டுக்குத்தான் டிக் இருந்தது. அது யாருடைய கையெழுத்து என்று உங்களுக்கே தெரியும். இன்றைக்கு இல்லாத டிக்கை நான் எங்கிருந்து கொண்டுவருவது?

இன்று உங்கள் ஆறு குழாய் போட்டதில் நான்கில் உண்டு. காகிதம் இணைத்திருக்கிறேன். குழாய்கள் இந்த முறை குலுக்கப்படாமல் வந்திருந்தன. கமாண்டருக்கு நன்றி சொல்லவும்.

அந்தப் பேச்சை இனி எடுக்கவேண்டாம்.

*

நவம்பர் 15, சனி

வாலுவுக்கு,

சரி. எடுக்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கோபமாகத்தான் இருந்தது. எகத்தாளமாம். எட்டு நாளும் அத்தைக்குக் கஞ்சி ஊற்றியது யார், வாந்தியைத் துடைத்தது யார் என்று வரிவரியாக எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். அதெல்லாம் செய்தேன்தான். செய்யவேண்டிய ஒன்றைச் செய்யவில்லை. அதனால் பேனாவை மூடினேன்.

நீ 'உண்டு' என்று எழுதிய நான்கு பேருக்கும் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே மாத்திரை ஆரம்பித்துவிட்டேன். நால்வரும் தேறிவிட்டார்கள். ஒருத்தி கர்ப்பிணி. அவளுக்கு மட்டும் வேறு மாத்திரை. வயிற்றுக்குள் குழந்தை உதைக்கிறது என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நான்கில் இருவருக்குத்தான் பொருக்கு கிடைத்தது. மற்ற இருவருக்கும் நம்பிக்கையில் கொடுத்தோம். வீட்டுச் சமையலில் உப்புப் பார்க்காமல் இறக்குவதுபோல் கொஞ்சம் பயம்தான். ஆனாலும் சரியாக வந்தது.

ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் திரைக்குப் பின்னால் வரமாட்டேன் என்று அடம். "எனக்கு இருமல்தான். இருமலுக்கு எதுக்குக் கோவணம் அவிழ்க்கணும்?" என்று ஒரே சத்தம். ஆண் நர்ஸ் கெஞ்சிப் பார்த்துவிட்டான். கடைசியில் கமாண்டர் திரைக்கு வெளியே நின்று, "பெருசு, நீ காட்டலைன்னா நான் உள்ள வந்துருவேன்" என்றாள். ஒரு நிமிஷத்தில் காட்டிவிட்டார். அக்குளில் இருந்தது.

நீ டெஸ்ட் போடவேண்டாம். இந்த வாரம் எனக்கு விடுப்பு இல்லை. 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் உன் வீட்டுக்கு வருகிறேன். வாசலில் நின்றே பேசிவிட்டுப் போய்விடுகிறேன். உன் அண்ணனிடம், 'உங்கள் அம்மாவுக்கு இந்தக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். நான் பார்த்திருக்கவேண்டும். பார்க்கவில்லை' என்று நேருக்கு நேர் சொல்லப்போகிறேன். டெஸ்ட் இல்லாமலேயே எனக்குப் பாதி தெரியும். வெறும் 'இருக்கலாம்' என்பதற்கே அவர் என்னை விட்டுவிடுவதென்றால் விடட்டும். வெட்டு ஒன்று துண்டு இரண்டாக முடியட்டும்.

அண்ணி

*

நவம்பர் 21, வெள்ளி

அண்ணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். தேவை இல்லை. நான் சொல்லிவிட்டேன்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த ஆறாம் நாள் நான் பார்க்க வந்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? காலை நேரம். நீங்கள் ஆஸ்பத்திரியில், அண்ணன் பள்ளிக்கூடத்தில். அம்மா "கசகசன்னு இருக்குடி" என்றார். வெந்நீரில் துணி நனைத்து உடம்பு துடைத்துவிட்டேன். இடது மார்புக்குக் கீழே, மடிப்புக்குள், கருப்பாக ஒரு வட்டம்.

"என்னம்மா இது, சுட்ட மாதிரி?" என்று கேட்டேன்.

"வெந்நீர்ப் பை பட்டிருக்கும். வலியே இல்லடி. உங்க அண்ணிகிட்ட மட்டும் சொல்லித் தொலைக்காதே. அப்புறம் எல்லாத்தையும் கழட்டச் சொல்லி உசிரை வாங்குவா."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம் அண்ணி. உங்களைச் சொல்லிச் சிரித்தோம். உங்கள் அலமாரியிலேயே தீப்புண் களிம்பை எடுத்துப் பூசிவிட்டு, பதினொரு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வலிக்காத புண்தானே என்று யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பி, அந்த வார வியாழக்கிழமை பதினொரு பேருக்கு உண்ணிக் காய்ச்சல் டெஸ்ட் போட்டேன். அம்மாவுக்கு அன்றைக்கு எட்டாம் நாள். அம்மாவின் ரத்தமும் அன்று சாயங்காலம் என் மேஜைக்கு வந்தது. படிவத்தில் டிக் இல்லை. நகர்த்தி வைத்தேன்.

எட்டு வருஷமாக இந்த டெஸ்டைப் போடுகிறேன். எனக்குத் தெரிந்த உண்ணிக் காய்ச்சல் என்பது குழிக்குள் மஞ்சளாகும் ஒரு சொட்டு. அதற்கு ஓர் உடம்பு உண்டு, அந்த உடம்பில் இப்படி ஓர் அடையாளம் உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. நோயாளியின் முகத்தையே பார்க்காத வேலை இது. அடையாளம் தெரிந்த நீங்கள் பார்க்கவில்லை. பார்த்த எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆறாம் நாள் நான் உங்களுக்கு ஒரு போன் செய்து, 'அண்ணி, அம்மாவுக்கு இப்படி ஒன்று இருக்கிறது' என்று சொல்லியிருந்தால், நீங்கள் அடுத்த நிமிஷம் வீட்டுக்கு ஓடி வந்திருப்பீர்கள். அது எனக்குத் தெரியும்.

தையல்காரம்மாவைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்தபோதே அம்மாவின் அந்தக் கருப்பு வட்டம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. குறிப்பேட்டில் எழுத என்று பொய் சொல்லி உங்களிடம் அளவு கேட்டேன். நீங்கள் பதில் எழுதியதும் சந்தேகமே இல்லாமல் போயிற்று. அதற்கு அப்புறம் உங்களுக்கு வாய்க்கு வந்தபடி ஒரு கடிதம் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் செய்த அசிங்கமான காரியம் அதுதான். எல்லாப் பழியையும் நீங்களே சுமந்துகொண்டு வாசலில் வந்து நிற்கப்போகிறீர்கள் என்றதும் என்னால் தாங்க முடியவில்லை.

நேற்று வியாழக்கிழமை. டிக் இல்லாத டெஸ்டை முதல் தடவையாகப் போட்டேன். அம்மாவின் குழாயை ஃபிரீசரில் அடியிலிருந்து எடுத்தேன். மேலே எண் மட்டும்தான், பெயர் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியில் நிறம் வருகிற பத்து நிமிஷம் நாற்காலியில் உட்கார முடியவில்லை. மற்ற குழிகளில் லேசாக ஏறிக்கொண்டிருந்தபோதே அம்மாவுடையது அடர்த்தியாகிவிட்டது. மெஷின் காட்டும் நிற அளவு அரைக்கு மேல் வந்தாலே உண்டு என்று எழுதுவோம். அம்மாவுக்கு 2.3. திரும்பவும் போட்டேன். 2.3.

சாயங்காலம் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். களிம்பு பூசியது, சிரித்தது, எதையும் விடவில்லை. அவன் கேட்டது இரண்டே கேள்வி. "நீ பார்த்தது எத்தனையாவது நாள்?" ஆறு என்றேன். "அவ?" "அவங்க பார்க்கவே இல்லண்ணா. அம்மா விடல. அவங்களும் வற்புறுத்தல." அவன் சாப்பிடாமல் எழுந்து போனான். இரண்டு சுற்று பெருத்துவிட்டான் என்று உங்களுக்கு எழுதியது பொய். இங்கே வந்ததிலிருந்து பாதித் தட்டில் எழுந்துவிடுகிறான்.

இன்று காலை எழுந்து பார்த்தால் அவன் பை இல்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டேன், விடுப்பு என்றார்கள். என் போனை எடுக்கவில்லை. அங்கே வந்தால் ஒரே ஒரு வரி எழுதுங்கள். உங்கள் எண்ணுக்குப் போட்டிருந்த தடையை எடுத்துவிட்டேன். ஆனாலும் பேசச் சொல்லாதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் நான் உடைந்துவிடுவேன்.

வாலு

*

நவம்பர் 22, சனி

வாலுவுக்கு,

வந்துவிட்டார். அந்த ஒரு வரி முதலில்.

இன்றைய ஐந்து குழாய்களும் இதோடு வருகின்றன. ஐந்து பேருக்கும் மாத்திரை ஆரம்பித்தாயிற்று. அவசரம் இல்லை, திங்கட்கிழமையே போடு.

உன் கடிதத்தைப் பற்றி. படித்ததும் கோபம் வந்தது. இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவள். ஆறாம் நாள் என்ற இடத்தில் தாளை மேஜைமேல் விசிறிவிட்டேன். அப்புறம், அத்தை உன்னிடம் காட்டினார், என்னிடம் காட்டவில்லை என்று பொறாமையாகக்கூட இருந்தது. என்ன மனசோ இது. அழுகை அதற்கும் பிறகுதான் வந்தது. அத்தை உன்னோடு சிரித்தார் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில். கடைசி வாரத்தில் அவர் சிரித்தார் என்று எனக்குத் தெரியாது. நீயும் நானும் ஆளுக்குப் பாதி தெரிந்துவைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்துவிட்டோம். உன் பாதியை நீ சுமக்க வேண்டியதுதான். என் பாதியை நான். எடை போட்டுப் பார்க்க எனக்கு விருப்பம் இல்லை.

நேற்று மதியம் வெளிநோயாளிகள் கூட்டத்தில் நான் மூழ்கியிருந்தேன். உன் அண்ணன் வந்து பெஞ்சில் கடைசியாக உட்கார்ந்திருக்கிறார். இரவு முழுக்கத் தூங்கவில்லை, கண் சிவந்து, முகம் வெளுத்துப்போய் இருந்திருக்கிறது. கமாண்டர் போன மாதம்தான் இங்கே மாற்றலாகி வந்தவள். அவரை அவளுக்குத் தெரியாது.

"காய்ச்சலா?" என்று கேட்டிருக்கிறாள்.

அவர் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

"எத்தனை நாளா?"

"பதிமூணு மாசமா" என்றாராம்.

"அய்யய்ய, இவ்வளவு நாளா என்னய்யா பண்ணிட்டிருந்தே? எழுந்திரு. திரைக்குப் பின்னால போ. சட்டையைக் கழட்டு. டாக்டரம்மா வந்து பார்ப்பாங்க. கூச்சமெல்லாம் இங்க கிடையாது, எல்லாருக்கும் ஒரே சட்டம்."

ஆண் நர்ஸ் அந்த நேரம் பார்த்துச் சாப்பிடப் போயிருந்தான். "டாக்டரம்மா, உள்ள ஒரு கேஸ், ஆள் வாயே திறக்க மாட்டேங்குது" என்று கமாண்டர் என்னைத் தள்ளாத குறையாக அனுப்பினாள். திரையை விலக்கினேன். சட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உன் அண்ணன் நிற்கிறார். விலா எலும்பை எண்ணிவிடலாம். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. சிரித்துவிட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"அம்மா இப்படி வந்து நின்னிருப்பாங்களா?" என்று கேட்டார்.

"மாட்டாங்க" என்றேன். "நான்தான் போர்வையைப் பிடிச்சு இழுத்திருக்கணும்."

"இழுத்திருந்தா?"

"திட்டியிருப்பாங்க. அவ பொம்பளையான்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பாங்க."

"அப்புறம்?"

"ஒரு வாரம் என்கிட்ட பேசியிருக்க மாட்டாங்க."

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். திரைக்கு வெளியே கமாண்டர் அடுத்த ஆளை அதட்டிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு வாரம்தானா?" என்று கேட்டார்.

"ஒரு வாரம்தான்" என்றேன்.

அண்ணி